கோடை விடுமுறையும் எதிர் வீட்டு மாமியும்

தில்லியில் நம்மவர்கள் குடியேறிய வரலாற்றை எழுதுவோர் கோயில்கள் எழுந்த கதையையும், பள்ளிகள் தொடங்கிய கதையையும், சபாக்கள் வளர்ந்த கதையையும் தவறாமல் எழுதுகிறார்கள். அவற்றோடு சேர்த்து எழுத வேண்டிய இன்னொரு ஸ்தாபனமும் உண்டு. அதற்குப் பெயர்ப் பலகை கிடையாது, பதிவு எண் கிடையாது, ஆண்டறிக்கையும் கிடையாது. மே, ஜூன் மாதங்களில் பள்ளி மூடியிருக்கும். தாயும் தந்தையும் அலுவலகம் போய்விடுவார்கள். அப்போது அக்கம்பக்கத்துப் பள்ளிக் குழந்தைகளைத் தன் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொண்ட மாமிகளைத்தான் சொல்கிறேன். சுமார் 25 ஆண்டுகள், அதாவது 1970-களிலிருந்து 1990-களின் நடுப்பகுதி வரை, சர்க்கார் குடியிருப்புகளில் இது ஓசையின்றி நடந்தது. நான் கண்ணால் கண்டதையும், அரசுப் பணியில் இருந்ததால் அறிந்த விதிகளையும் வைத்து இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு சிறு கணக்கு. தில்லிப் பள்ளிகளுக்குக் கோடை விடுமுறை மே இரண்டாம் வாரம் தொடங்கி ஜூன் 30 வரை, ஏறக்குறைய 50 நாட்கள். மத்திய அரசு ஊழியருக்கு ஆண்டு முழுவதற்கும் ஈட்டிய விடுப்பு 30 நாட்கள். தற்செயல் விடுப்பு அப்போது 12 நாட்கள்; அது 1998-இல் 8 ஆகக் குறைக்கப்பட்டது. ஊரில் நடக்கும் கல்யாணம், காரியம், உடம்பு அசௌகரியம் எல்லாவற்றுக்கும் இதிலிருந்துதான் எடுக்க வேண்டும். கணவனும் மனைவியும் முறை வைத்து லீவ் போட்டாலும் 50 நாட்களை நிரப்ப முடியாது. 1985-இல் ஐந்து நாள் வாரம் வந்தபோது சனிக்கிழமைகள் மட்டும் கையில் கிடைத்தன. மீதி நாட்களைச் சமாளித்தது யார் என்பதுதான் இக்கட்டுரையின் கேள்வி.

ஊருக்குப் போன காலம்

1950, 60-களில் இந்தக் கேள்வியே எழவில்லை. பெரும்பாலான வீடுகளில் உத்தியோகம் பார்த்தவர் தகப்பனார் ஒருவரே. பரீட்சை முடிந்ததும் தாயார் குழந்தைகளை அழைத்துக்கொண்டு, 1929-இல் ஓடத் தொடங்கிய கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸில் ஏறிவிடுவார். கூஜாவில் தண்ணீரும், சம்புடத்தில் மிளகாய்ப்பொடி தடவிய இட்லியும், அடுத்த வேளைக்குப் புளியஞ்சாதமும் கூடவே போகும். மத்திய அரசு ஊழியர்களுக்குச் சொந்த ஊர் சென்றுவர விடுமுறைப் பயணச் சலுகை 1956-இல் வந்தது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை என்றாலும் நான்கைந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு அது பெரிய உதவி.

அங்கே ஊரில் தாத்தா, பாட்டி, மாமா, சித்தி எல்லோரும் இருந்தார்கள். கோடை என்பது வடாம் பிழியும் காலம், மாவடு போடும் காலம். பேரக் குழந்தைகளுக்கு மொட்டை மாடியில் காக்காய் ஓட்டும் உத்தியோகம் கிடைத்துவிடும். தாயார் அரைத் தூக்கத்தில் இருந்தால் அத்தை பார்த்துக்கொள்வாள். அத்தை அடுப்படியில் இருந்தால் எதிர் வீட்டுப் பாட்டி அதட்டுவாள். குழந்தைப் பராமரிப்பு என்று தனியாக ஒரு சொல் அதற்குத் தேவைப்படவில்லை.

இது நிலைக்க இரண்டு விஷயங்கள் வேண்டியிருந்தன: ஊரில் திறந்திருக்கும் ஒரு வீடு, தில்லியில் உத்தியோகம் பார்க்காத ஒரு தாய். இரண்டும் ஒரே சமயத்தில் மாறத் தொடங்கின. பிள்ளைகள் எல்லோரும் வெளியூர் போன பின் பல அக்ரஹாரத்து வீடுகள் பூட்டப்பட்டன, அல்லது கைமாறின. தில்லியில் நம் வீட்டுப் பெண்கள் சுருக்கெழுத்தும் தட்டச்சும் கற்றுச் செயலகத்திலும், தொலைபேசித் துறையிலும், ஆயுள் காப்பீட்டுக் கழகத்திலும், 1969-இல் தேசியமயமான வங்கிகளிலும் சேர்ந்தார்கள். 1976-இல் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் வந்து பயணம் விரைவானபோது, அதில் ஏறி ஒரு மாதம் ஊரில் தங்குவதற்கு வீட்டில் யாருக்கும் லீவ் இல்லை.

சட்டம் பார்த்தது எதை?

அரசாங்கம் குழந்தைகளை மறந்துவிட்டது என்று சொல்ல முடியாது. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 48-ஆம் பிரிவு, 50-க்கு மேற்பட்ட பெண் தொழிலாளர்கள் உள்ள இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றது. 1976-இல் அந்த எண்ணிக்கை 30 ஆகக் குறைக்கப்பட்டது. மத்திய அரசு ஊழியர் குடும்பங்களின் நலனுக்காக 1954-இல் கிருஹ கல்யாண் கேந்திரா தொடங்கப்பட்டு, அதன் கீழ் காப்பகங்கள் நடந்தன. 1969-இல் காந்தி நூற்றாண்டுக் கண்காட்சிக்காக ராஜ்காட்டில் கட்டட வேலை நடந்தது. அங்கே புழுதியில் கிடந்த தொழிலாளர் குழந்தைகளைக் கண்டு மீரா மகாதேவன் தொடங்கியதுதான் மொபைல் கிரெச்சஸ் அமைப்பு. 1975 அக்டோபர் 2 அன்று அங்கன்வாடித் திட்டம் வந்தது.

இவற்றைத் தேதிவாரியாக அடுக்கிப் பார்த்தால் ஒன்று புலப்படும். சட்டமும் திட்டங்களும் முக்கியமாகக் கண்ணில் கொண்டது ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளை. ஆறு வயது ஆனால் குழந்தை பள்ளிக்குப் போய்விடுகிறது, பள்ளி பார்த்துக்கொள்ளும் என்பது உட்கருத்து. பள்ளி 50 நாட்கள் பூட்டியிருக்கும் என்பது எந்தச் சட்டத்தின் கணக்கிலும் வரவில்லை. பெரிய குழந்தைகளுக்கென்று தில்லியில் இருந்த பொது ஏற்பாடு 1956-இல் நிறுவப்பட்ட பால பவனம். 5 முதல் 16 வயது வரை சேரலாம். சித்திரம், நாடகம், அறிவியல், சுற்றிவர ஒரு சின்ன ரயில் என்று அருமையான இடம். ஆனால் அது கோட்லா சாலையில் இருந்தது. காலையில் கொண்டுபோய் விட்டு மாலையில் அழைத்துவர ஆள் இருந்தால்தான் அதனால் பிரயோஜனம். அந்த ஆள்தான் இல்லை.

அலுவலக உலகம் பெண்களை எப்படிப் பார்த்தது என்பதற்கு ஓர் உதாரணம் சொல்லலாம். வெளியுறவுப் பணியில் உள்ள பெண் திருமணம் செய்துகொள்ள அரசின் அனுமதி பெற வேண்டும். குடும்பப் பொறுப்புகள் வேலைக்கு இடையூறு என்று கருதினால் அரசு அவரை ராஜினாமா செய்யச் சொல்லலாம் என்று விதியே இருந்தது. சி.பி. முத்தம்மா தொடுத்த வழக்கில் 1979-இல் நீதியரசர் வி.ஆர். கிருஷ்ணய்யர் இதைக் கடுமையாகக் கண்டித்தார். உயர் பதவியில் இருந்தவருக்கே அப்படி என்றால், சாதாரணத் தட்டச்சர் ‘குழந்தைக்கு லீவ், வீட்டில் ஆள் இல்லை’ என்று எந்த மேலதிகாரியிடம் சொல்ல முடியும்?

நேதாஜி நகரில் 14 கோடைகள்

அதே 1979-ஆம் ஆண்டு மே மாதம், நேதாஜி நகரில் எங்கள் குவார்ட்டர்ஸின் எதிர் வீட்டில் இருந்த பெண்மணி தன் 7 வயது மகனைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றார். செயலகத்தில் ஸ்டெனோ. ஊரிலிருந்து வருவதாக இருந்த மாமியார் விழுந்து இடுப்பெலும்பு முறிந்து படுத்துவிட்டார். “மாமி, ரெண்டே நாள் பார்த்துக்கோங்கோ. அதுக்குள்ள வேற ஏற்பாடு பண்ணிடறேன்” என்றார். அந்த வேறு ஏற்பாடு நடக்கவே இல்லை. பையன் ஜூன் 30 வரை எங்கள் வீட்டில் இருந்தான். அடுத்த கோடையில் மூன்று குழந்தைகள். 1984-இல் எங்கள் மகளையும் சேர்த்து எட்டு. 1992 வரை, 14 கோடைகள் இது தொடர்ந்தது. எங்கள் தெருவில் மட்டுமல்ல. ராமகிருஷ்ணபுரத்திலும், சரோஜினி நகரிலும், பிறகு ஜனக்புரியிலும் இப்படிப்பட்ட மாமிகளை நான் அறிவேன்.

இரண்டு அறைகளும் ஒரு சமையலறையும் சின்ன முற்றமும் கொண்ட வீடு. காலை எட்டே முக்காலுக்குள் குழந்தைகள் வந்துவிடும். குழாயில் தண்ணீர் வரும் நேரத்துக்குள் கூலரை நிரப்பியாக வேண்டும். பதினோரு மணிக்குமேல் ‘லூ’ என்னும் அனல் காற்று வீசத் தொடங்கினால் வாசல் கதவு சாத்தியதுதான். நாலரை வரை யாரும் வெளியே போகக் கூடாது. அந்த ஐந்தரை மணி நேரத்தை எட்டுக் குழந்தைகளோடு ஓட்டுவது எளிதல்ல. பல்லாங்குழி, தாயக்கட்டை, கேரம் என்று முறை வைத்து ஆட்டம். மத்தியானம் எல்லோருக்கும் பாயை விரித்துத் தூக்கம், மின்சாரம் போனால் பனை விசிறி. சாயங்காலம் நீர் மோர் அல்லது எலுமிச்சை ரசம். டிபன் டப்பா கொண்டுவந்தாலும் எந்தக் குழந்தையும் அதோடு நிற்காது. “மாமி, உங்காத்து ரசம்” என்று தட்டை நீட்டும்.

தில்லியில் பிறந்த குழந்தைகளுக்குத் தமிழ் பேசத் தெரியும். பலருக்கு எழுதத் தெரியாது. என் மனைவி தினமும் ஒரு மணி நேரம் சிலேட்டில் அ, ஆ எழுத வைத்தாள். பக்கத்துப் பஞ்சாபி வீட்டுப் பெண்ணும் கூட உட்கார்ந்து ‘ழ’ வரை வந்துவிட்டாள். பிரதோஷத்தன்று கோயில், ஏகாதசியன்று கதை. அந்தக் குழந்தைகள் இன்று 40, 50 வயதுக்காரர்கள். தமிழ் எழுத்து எங்கே கற்றாய் என்று கேட்டால் இவர்களில் சிலர் எந்தப் பள்ளியையும் சொல்வதில்லை.

ஆபத்தும் இருந்தது. 1983 ஜூன் மாதம் ஒரு மத்தியானம், எல்லோரும் தூங்கிக்கொண்டிருக்க, 6 வயதுப் பையன் ஒருவன் தாழ்ப்பாளைத் திறந்துகொண்டு போய்விட்டான். என் மனைவி அந்த வெயிலில் செருப்பில்லாமல் ஓடினாள். பஸ் நிறுத்தத்தில் நின்றிருந்தான். அம்மா ஆபீசுக்குப் போகிறானாம். அன்று சாயங்காலம் அந்தத் தாயாரிடம் நடந்ததை அப்படியே சொல்லி, “இனிமே எனக்கு தைரியம் இல்லை” என்றாள் என் மனைவி. அவர் அழுதார். மறுநாள் காலை எட்டே முக்காலுக்கு அதே பையனோடு அதே வாசலில் நின்றார். “உங்களை விட்டா எனக்கு வேற யார் இருக்கா மாமி?” என்பதைத் தவிர அவருக்குச் சொல்ல எதுவுமில்லை. அன்றைக்கே தாழ்ப்பாளைக் குழந்தைக் கைக்கு எட்டாத உயரத்தில் மாற்றினேன். ஏதேனும் விபரீதம் நேர்ந்திருந்தால் யார் பொறுப்பு என்பதற்கு எந்தச் சட்டமும் எங்கள் கையில் இல்லை. நம்பிக்கை ஒன்றே ஏற்பாடு.

காசு விஷயம்

இனி என் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். இரண்டாம் கோடையிலேயே தாயார்கள் மூவரும் சேர்ந்து, மாதம் ஆளுக்கு 60 ரூபாய் தருகிறோம் என்றார்கள். என் மனைவிக்குச் சம்மதம்தான். நான்தான் மறுத்தேன். அரசு ஊழியர் நடத்தை விதிகள் 1964, விதி 15-ஐ எடுத்து வைத்துக்கொண்டேன். ஒதுக்கப்பட்ட குவார்ட்டர்ஸை வசிப்பதற்குத் தவிர வேறு எதற்கும் பயன்படுத்தக் கூடாது என்பதையும் சொன்னேன். “காசு வாங்கினால் வியாபாரம் ஆகிவிடும், எனக்கு மெமோ வரும்” என்றேன்.

வீட்டு ஒதுக்கீட்டு விதியைப் பற்றிய பயத்தில் நியாயம் இருந்தது. ஆனால் விதி 15-ஐ நான் சரியாகப் படிக்கவில்லை, அல்லது படிக்க விரும்பவில்லை. குடும்பத்தார் தொழில் நடத்தினால் ஊழியர் அதை அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்றுதான் அது சொல்கிறது. நடத்தக் கூடாது என்று சொல்லவில்லை. ஒரு பக்கக் கடிதம் எழுதி மேலதிகாரியைக் கேட்டிருக்கலாம். நான் கேட்கவில்லை. உண்மையான காரணம் வேறு. ‘இவர் ஆத்துக்காரி குழந்தைகளைப் பார்த்துக் காசு வாங்குகிறாள்’ என்று நாலு பேர் சொல்வார்களே என்ற கூச்சம். அதற்கு விதியைத் துணைக்கு அழைத்தேன். தாயார்கள் தீபாவளிக்குப் புடவை வைத்துக் கொடுத்தார்கள். ஊரிலிருந்து வந்தால் காப்பிக்கொட்டை கொண்டுவந்தார்கள். அத்தோடு சரி.

நான் செய்தது ஒரு தனி வீட்டு விஷயமல்ல என்பதை மும்பையில்தான் தெரிந்துகொண்டேன். 1986-இல் முலுண்டில் இருந்த மைத்துனி வீட்டுக்குப் போயிருந்தோம். அவர்கள் கட்டடத்தில் ஒரு மராத்திய அம்மாள் தன் வீட்டு வாசலில் ‘பாளணாகர்’ என்று பலகை வைத்திருந்தார். பாளணா என்றால் தொட்டில், கர் என்றால் வீடு. தொட்டில் வீடு என்று பெயரே தவிர, பள்ளிவிட்டு வரும் பெரிய குழந்தைகளும் விடுமுறைக் குழந்தைகளும் அங்கே இருந்தார்கள். மாதக் கட்டணம், நேரம், தாமதமாக வந்தால் கூடுதல் தொகை எல்லாம் எழுதி ஒட்டியிருந்தது. யாரும் அவரைக் குறைவாகப் பேசவில்லை; டீச்சரைப் போல மரியாதையாகத்தான் பேசினார்கள். திரும்பி வரும்போது ரயிலில் என் மனைவி, “ஏன்னா, நான் பண்றதும் இதுதானே?” என்று மட்டும் கேட்டாள். நான் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

அங்கே அந்த வேலைக்கு ஒரு பெயர் இருந்தது. பெயர் இருந்ததால் கட்டணமும் இருந்தது. இங்கே நாம் அதை ‘உதவி’ என்றே அழைத்தோம். 1981 பிப்ரவரியில் மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு வந்தவர், “வீட்டம்மாவுக்கு என்ன வேலை?” என்று கேட்டபோது அவளுக்குப் பதிலாக நான்தான் சொன்னேன்: “வேலை ஒண்ணும் இல்லை.” அவரும் அப்படியே குறித்துக்கொண்டார். 2019-இல் மத்திய அரசின் புள்ளியியல் துறை நேரப் பயன்பாட்டு ஆய்வு நடத்தியது. அதில், ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்காக நாளொன்றுக்குச் செலவிடுவது சராசரியாக 299 நிமிடங்கள், ஆண்கள் 97 நிமிடங்கள் என்று கண்டார்கள். அதுவும் தன் வீட்டாருக்குச் செய்தது மட்டும். ஊரார் பிள்ளைகளை வைத்துக்கொண்ட அந்த எட்டு மணி நேரம் எங்கள் காலத்தில் எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. ரசாயனம் படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: வினையை விரைவுபடுத்துவது வினையூக்கி, ஆனால் வினை முடிந்ததும் விளைபொருளில் அதன் பெயர் இருக்காது. எதிர் வீட்டு ஸ்டெனோ பின்னாளில் செக்‌ஷன் ஆபீசராகி முழு ஓய்வூதியத்தோடு ஓய்வு பெற்றார். அந்த ஓய்வூதியத்துக்குப் பின்னால் என் மனைவியின் கோடைகளும் இருந்தன.

அதன் பிறகு

1990-களின் நடுவில் இந்த ஏற்பாடு மெல்லக் குறைந்தது. பள்ளிகளும் கிளப்புகளும் கட்டணத்துடன் கோடை முகாம்கள் தொடங்கின. தாத்தா, பாட்டிகள் ஊரை விட்டுப் பிள்ளைகளோடு வந்து சேர்ந்தார்கள். சிலர் அதையும் தாண்டி, ஆறு மாதம் அமெரிக்கா போய்ப் பேரக் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டு திரும்பி வருகிறார்கள். அரசு விதிகளும் தாமதமாகவேனும் மாறின. பேறுகால விடுப்பு 1997-இல் 135 நாட்களாகவும், 2008 செப்டம்பர் 1 முதல் 180 நாட்களாகவும் உயர்ந்தது. அதே நாளிலிருந்து பெண் ஊழியர்களுக்குக் குழந்தைப் பராமரிப்பு விடுப்பு மொத்தம் 730 நாட்கள் கிடைத்தது; குழந்தைக்கு 18 வயது ஆகும்வரை எடுக்கலாம். பள்ளி வயதுக் குழந்தைக்கும் ஆள் வேண்டும் என்பதை விதிப்புத்தகம் தெளிவாக ஒப்புக்கொண்டதை அப்போதுதான் பார்த்தேன். 2017-இல் திருத்தப்பட்ட பேறுகால நலச் சட்டம், 50 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் நிறுவனங்களில் காப்பகத்தைக் கட்டாயமாக்கியது. மத்திய அரசின் காப்பகத் திட்டம் 2022-இல் ‘பால்னா’ என்று பெயர் மாறியது. தொட்டில் என்பதற்கான ஹிந்திச் சொல். அதுவும் ஆறு வயதோடு நின்றுவிடுகிறது.

நேதாஜி நகர், சரோஜினி நகர் உட்பட ஏழு குடியிருப்புகளை இடித்துக் கட்ட 2016-இல் அமைச்சரவை ஒப்புதல் தந்தது. நாங்கள் இருந்த வீடும் இப்போது இல்லை. உயரத்தில் மாற்றிய அந்தத் தாழ்ப்பாளும் அதோடு போயிற்று.

சென்ற மே மாதம் எங்கள் அடுக்ககத்தில் இருக்கும் ஓர் இளம் தம்பதி வந்தார்கள். இருவருக்கும் குருகிராமில் வேலை. 8 வயதுப் பெண்ணைப் பள்ளி திறக்கும்வரை பகலில் பார்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்டுவிட்டு, “மாசத்துக்கு எவ்வளவு தரணும், மாமி?” என்றாள் அந்தப் பெண், கொஞ்சமும் தயங்காமல். என் மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். “என்னைப் பார்க்காதே, உன் வேலை, நீயே சொல்லு” என்றேன். அவள் ஒரு தொகை சொன்னாள். நியாயமான தொகைதான். முழங்கால் வலியோடு 6 வாரம் பார்த்துக்கொண்டாள். ஜூன் 30 அன்று கிடைத்த காசை எண்ணிப் பார்த்து, பீரோவில் தன் புடவைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். என்ன செய்யப் போகிறாள் என்று நான் கேட்கவில்லை.

நம் அங்கத்தினர்களில் இப்படிக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள முன்வரும் மாமிகள் இன்றும் இருப்பார்கள். தேடிக்கொண்டிருக்கும் இளம் பெற்றோரும் இருக்கிறார்கள். வீட்டில் எத்தனை குழந்தைகளைச் சமாளிக்க முடியும், அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது, என்ன மருந்து ஒத்துக்கொள்ளாது, மாலையில் யார் வந்தால் குழந்தையை அனுப்பலாம் என்பதை முதலிலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தொகையையும் முதலிலேயே பேசிவிடுங்கள். 1979 முதல் 1992 வரையோ, அதற்கு முன்னும் பின்னுமோ இப்பணி செய்த மாமிகளின் விவரம் தெரிந்தவர்கள் இவ்விதழுக்கு எழுதி அனுப்பினால் நல்லது. அவர்களில் பலருக்கு இப்போது 80 வயதுக்கு மேல். அவர்கள் இருக்கும்போதே குறித்துக்கொள்வோம்.